வண்டியின் அடிவயிறும் வணிகரின் இரும்புத் தகடும்

அரசியலையும் யுத்தத்தையும் சமாதானப் பேச்சுக்களையும் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவந்த ஒருவன், சின்னஞ்சிறு மோட்டார் காரொன்றின் அடியிலே பொருத்தப்படும் ஒரு தகட்டைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். தோன்றட்டும். எமது மக்களின் பணத்தையும் நேரத்தையும், சில வேளைகளில் உயிரையும் விழுங்குகின்ற விடயங்கள் எல்லாமே பாராளுமன்றத்தில் நடப்பதில்லை. தெருவோரத்துக் கராஜ்களிலும் நடக்கின்றன. அங்கு நடப்பதை எவரும் எழுதுவதில்லை என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

சென்ற வருடம் முல்லைத்தீவு மாவட்டத்திலே, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-34 வீதிக்கு உட்புறமாகவுள்ள கிராமமொன்றில் வசிக்கும் எனது நண்பரொருவரைக் காணச் சென்றிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரார் அவரை மாஸ்டர் என்றே அழைப்பர். நானும் அவ்வாறே அழைப்பதுண்டு. அவரிடம் ஒரு சிறிய கார் இருந்தது. அதனை அவர் உல்லாசப் பயணத்துக்காக வைத்திருக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்த மனைவியை வாரத்தில் இரு தடவைகள் இரத்தச் சுத்திகரிப்புக்காக நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அவருக்கிருந்த ஒரே வழி அந்தக் கார்தான்.

ஒரு மாலை நால்வராக அக்காரில் புறப்பட்டோம். கிராம வீதியின் வளைவொன்றில், முன்னைய வாரத்தில் இல்லாத வேகத்தடையொன்று புதிதாக முளைத்திருந்தது. வர்ணம் இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, தெருவிளக்கும் இல்லை. மாஸ்டர் கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்தினார். அடியிலே பேரொலி எழுந்தது. இறங்கிப் பார்த்தோம், இருட்டில் எதுவும் தெரியவில்லை. "கீழ இரும்புத் தகடு போட்டிருக்கிறன், ஒண்டும் ஆகாது" என்றார் மாஸ்டர். வண்டி தொடர்ந்து ஓடியது. இரண்டு மூன்று கிலோமீற்றர் சென்றிருப்போம். கருவிப் பலகையில் அலாவுதீன் விளக்கைப் போன்றதொரு சிவப்பு அடையாளம் ஒளிர்ந்தது. அதனை நானும் கண்டேன். "சந்தியில நிப்பாட்டிப் பாப்பம்" என்று மாஸ்டர் சொன்னபோது நானும் தலையசைத்தேன். சந்தி வருவதற்கு முன்னரே இயந்திரம் இறுகி நின்றுவிட்டது.

மறுநாள் கராஜில் வண்டியை உயர்த்திப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இயந்திரத்தின் ஒயில் சம்ப்பை உடைத்தது வேகத்தடையின் கொங்கிரீட் அல்ல. பாதுகாப்புக்கென்று மாஸ்டர் விலைகொடுத்து வாங்கிப் பொருத்திய அந்த இரும்புத் தகடே மேல்நோக்கி வளைந்து, சம்ப்பின் அடியில் இடித்து, அலுமினிய வார்ப்பை வெடிக்கச் செய்திருந்தது. கவசமே சம்மட்டியாகிவிட்டது.

அந்தத் தகட்டின் கதையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் இயந்திரத்துக்குக் கீழே பிளாஸ்ரிக்கினாலான ஒரு மூடி இருந்தது. சேர்விஸ் நிலையமொன்றில் ஒயில் மாற்றும்போது அதனைக் கழற்றிய இளைஞன், "ஐயா, இது சும்மா சத்தம் போடும். கழட்டி விடுவம், எஞ்சினுக்குக் காத்துப் படும்" என்று சொல்லி மூலையில் எறிந்துவிட்டான். ஆறேழு கிளிப்புகளை மீண்டும் பொருத்தும் வேலை அவனுக்கு மிச்சமாயிற்று. பின்னர் வேறொரு கடைக்காரர், "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று கூறி ஒரு கனத்த தகட்டை விற்றார். கனடாவிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் அது வாங்கப்பட்டது. இரண்டு இரும்புப் பட்டிகளில் தொங்கவிடப்பட்ட அந்தத் தகட்டுக்கும் சம்ப்புக்கும் இடையே விரல் நுழையவும் இடமிருக்கவில்லை.

எனது வழக்கு இதுதான். எமது வீதிகளிலே ஓடும் சிறிய காரின் அடிப்பகுதிக்குக் காப்பு அவசியம். ஆனால் காப்பு என்ற பெயரில் இங்கே பெரும்பாலும் விற்கப்படுவது காப்பன்று. விற்பவரிடம் எந்தத் தகடு இருக்கிறதோ அது விற்கப்படுகிறது. வண்டிக்கு எது தேவையோ அது விற்கப்படுவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அறியாத குற்றத்துக்காகவே மாஸ்டர் போன்றவர்கள் தண்டனை அனுபவிக்கிறார்கள்.

"காருக்கு அடிக்கவசம் என்பது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம், மெதுவாக ஓட்டத் தெரிந்தவனுக்கு அது தேவையில்லை" என்று வாதிடுவோர் உள்ளனர். அவர்களிடம் பணிவுடன் சில கணக்குகளை முன்வைக்க விரும்புகிறேன்.

எமது வீதிகளில் பரவலாகக் காணப்படும் இந்தியத் தயாரிப்பான அல்ட்டோ 800 காரின் தரை இடைவெளி 160 மில்லிமீற்றர். ஜப்பானிலிருந்து வந்த ரொயோட்டா அக்குவாவுக்கு அது 140 மில்லிமீற்றர் அளவே. ஜப்பானியச் சட்டம் பொதுவாகக் கோரும் ஆகக்குறைந்த இடைவெளி வெறும் 90 மில்லிமீற்றர்தான். அந்நாட்டு வீதிகளுக்கு அது போதும். இங்கு? நான்கு பெரியவர்களும் பின்புறத்தில் இரண்டு அரிசி மூடைகளும் ஏறினால், சிறிய காரொன்று இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தாழ்வது சாதாரணம். பிரேக்கை அழுத்தினால் மூக்கு இன்னும் குனியும். ஆக, விற்பனைத் துண்டுப் பிரசுரத்திலுள்ள 160 மில்லிமீற்றர், வேகத்தடையின் முன்னால் 120 ஆகச் சுருங்கிவிடுகிறது.

இனி வேகத்தடையைப் பார்ப்போம். பிரித்தானியாவின் போக்குவரத்து மற்றும் வீதி ஆராய்ச்சி ஆய்வுகூடத்தில் 1970களின் ஆரம்பத்தில் வகுக்கப்பட்ட வட்ட முகட்டு வேகத்தடைக்கு, வீதியின் நெடுக்கில் அகலம் 3.7 மீற்றர், உயரம் 100 மில்லிமீற்றர். இந்தியாவின் வீதிப் பொறியியல் விதிமுறையும் அதே அளவுகளைச் சொல்கிறது. அல்ட்டோவின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரம் 2,360 மில்லிமீற்றர். 3.7 மீற்றர் அகலமான தடையின் நடுவே அந்தக் கார் நிற்கும்போது, அதன் நான்கு சில்லுகளும் தடையின் சரிவிலேயே இருக்கும். அவையும் தரையிலிருந்து ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். எனவே முகடு வண்டியின் வயிற்றை நோக்கி நீள்வது ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் மாத்திரமே. பாரமேற்றிய கார்கூட உரசாமல் கடந்துவிடும்.

மாறாக, எமது ஊர்களிலே இரண்டு பக்கெற் சீமெந்துக் கலவையைக் கொட்டி எழுப்பப்படும் தடையின் அகலம் அரை மீற்றர். உயரம் அரை அடி, அதாவது 150 மில்லிமீற்றர். அதன்மேல் கார் நிற்கும்போது முன் சில்லுகளும் பின் சில்லுகளும் இரு புறத்திலும் சமதரையில் இருக்கும். 150 மில்லிமீற்றரும் முழுதாக வயிற்றில் வந்து முட்டும். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. மெதுவாக ஓட்டினால் மெதுவாக உரசும், அவ்வளவுதான். "ஓட்டத் தெரியாதவன்" என்று சாரதியைப் பழிப்பவர்கள் முதலில் ஓர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வீதிக்கு இறங்கட்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். அந்தத் தடைகளை எழுப்பும் கிராமத்து மக்களை நான் குறைகூறவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்த ஊர், பொறியியலாளரின் வரைபடம் வரும்வரை காத்திருக்காது. ஒரு குழந்தையின் உயிருக்கு முன்னால் ஆயிரம் ஒயில் சம்ப்புகள் உடைந்தாலும் பாதகமில்லை. ஆனால் அந்தத் தெரிவைச் செய்யும்படி எம்மை நிர்ப்பந்தித்தவர் யார் என்பதே கேள்வி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அவற்றுக்குக் கீழானவை மாகாண சபைகளின் கீழும் பிரதேச சபைகளின் கீழும் வருகின்றன. அளவு பிசகாத அகன்ற தடையைக் கட்டி, வர்ணம் பூசி, பலகை நாட்டுவது இந்நிறுவனங்களின் கடமை. அகன்ற தடை குழந்தையையும் காக்கும். அதனைக் கடந்து செல்லும் நோயாளியின் முதுகெலும்பையும் காக்கும். குறுகிய தடை அம்பியுலன்ஸ் வண்டியையும் விட்டுவைப்பதில்லை. கடமையைச் செய்யவேண்டியவர்கள் செய்யாது விட்ட செலவையே நாம் தகடாக வாங்கி வண்டியின் அடியில் பூட்டிக்கொள்கிறோம்.

இதனை ஏன் இப்போது இத்தனை வற்புறுத்துகிறேன் என்றால், இன்றைய இலங்கையில் ஒரு சிறிய காரின் பெறுமதி முன்னரைப் போன்றதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவும் கடும் வரிகளுடன். இடைப்பட்ட காலத்தில் 2022 இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ரூபாவின் பெறுமதி சரிந்தது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்கூட வாங்கிய விலையிலும் பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் நாட்டின் வீதிகளையும் பாலங்களையும் பெருமளவில் சிதைத்துச் சென்றன. ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் ஒருவர் தமது காரை இழந்தால் இன்னொன்றை வாங்கமுடியாது. அது அவருக்கு வாகனம் மட்டுமன்று, ஆயுட்காலச் சேமிப்பு.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40 கார்களை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தனியான சட்டகத்தின் மீது உடல் அமர்த்தப்பட்ட வண்டிகள் அவை. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், சிறு போத்தல் பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. 2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது, குண்டும் குழியுமாகக் கிடந்த வன்னி வீதிகளில் செய்தி சேகரிக்கச் சென்ற நாங்கள் அத்தகைய கிழட்டு வண்டிகளில் எத்தனையோ தடவைகள் பயணித்திருக்கிறோம். அவற்றின் அடியில் உடைவதற்கு அதிகமாக எதுவும் இருக்கவில்லை. உடைந்தாலும் ஊர்க் கொல்லன் ஒட்டித் தந்தான். இன்றைய சிறிய காரின் வயிறு அப்படிப்பட்டதன்று. முன்சில்லு இயக்கத்தையுடைய இக்கார்களில் இயந்திரமும் கியர் பெட்டியும் குறுக்காக, தரைக்கு மிக அருகில் வைக்கப்பட்டுள்ளன. ஒயில் சம்ப், கியர் பெட்டியின் ஒயில் தட்டு, றேடியேற்றரின் கீழ்விளிம்பு, புகைக்குழாய் யாவும் ஒரு சாண் உயரத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அக்குவா, பிரியஸ் போன்ற கலப்பின வாகனங்களில், பின்னாலுள்ள மின்கலத்திலிருந்து முன்னால் செல்லும் செம்மஞ்சள் நிற உயர் அழுத்த மின்கம்பிகள் அடித்தளத்தை ஒட்டியே செல்கின்றன. நிசான் லீவ் போன்ற மின்சாரக் காரின் பெரிய மின்கலமோ தரைத்தளத்தின் கீழேயே இருக்கிறது.

இவற்றுள் சம்ப் பற்றி ஒரு வார்த்தை. உருக்குத் தகட்டினால் செய்யப்பட்ட சம்ப் அடிபட்டால் நசுங்கும். அலுமினிய வார்ப்பு வெடிக்கும். வெடித்தால் தரையில் ஒயில் தெரியும். நசுங்குவதோ அதனிலும் வஞ்சகமானது. ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாய் சம்ப்பின் அடியிலிருந்து சிறு இடைவெளியிலேயே இருக்கிறது. அடித்தளம் மேலெழும்பினால் அந்த வாய் அடைபடும். ஒரு துளியும் ஒழுகாமலே இயந்திரம் ஒயிலுக்காகத் தவித்துச் சாகும். அந்தச் சிவப்பு விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதில்லை. அதன் அழுத்தம் வீழ்ந்துவிட்டதைக் காட்டுகிறது. அது எரிந்த கணத்தில் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். சந்திவரை அல்ல, அடுத்த மரநிழல் வரையும்கூட ஓட்டக்கூடாது. இதனை நான் அன்று அறிந்திருந்தால் மாஸ்டரின் இயந்திரம் பிழைத்திருக்கும். உலக விவகாரமெல்லாம் எழுதியவனுக்கு அந்த விளக்கின் பொருள் தெரிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, எதனைத் தெரிவு செய்வது? கடைக்காரர்கள் சொல்லாதவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தொழிற்சாலை பொருத்திய பிளாஸ்ரிக் மூடியை எந்தக் காரணம் கொண்டும் எறியவிடாதீர்கள். அது மோதலைத் தாங்காது என்பது உண்மை. ஆனால் சேற்றையும் மழைநீரையும் பட்டிகளிலிருந்தும் மின்பிறப்பாக்கியிலிருந்தும் விலக்கி வைப்பது அதுவே. றேடியேற்றருக்கு வரும் காற்று உரிய வழியில் செல்லவும் அது உதவுகிறது. "காத்துப் படும்" என்று கழற்றுபவர் அந்த வழியைக் குலைக்கிறார். தொலைந்த கிளிப்புகளின் விலை சில நூறு ரூபாய்களைத் தாண்டாது. நகரத்துக்குள், நல்ல தார் வீதிகளில் மட்டும் தனியாளாக ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் இந்த மூடி ஒன்றே போதும். அத்தகையவருக்கு இரும்புத் தகடு விற்பது வெறும் வியாபாரம்.

இரண்டாவது, உட்புற வீதிகளில் பாரத்துடன் செல்பவருக்கு உலோகத் தகடு தேவை. ஆனால் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கடையைவிட்டு வெளியேறுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்துவது எந்த வண்டிக்கும் பொருந்தாது. உங்கள் காரின் அதே மாதிரிக்கு, அதே ஆண்டுக்கு, ஏற்கனவே உள்ள துளைகளிலும் ஆணிகளிலும் பூட்டக்கூடியதாகச் செய்யப்பட்டதையே கேளுங்கள். அது வண்டியின் துணைச் சட்டகத்தில் நான்கு அல்லது ஆறு இடங்களில் பூட்டப்பட வேண்டும். றேடியேற்றரைத் தாங்கும் மெல்லிய தகட்டிலோ சம்ப்பின் ஆணிகளிலோ பூட்டுவது, வீட்டுக் கூரையை யன்னல் திரைச்சீலையில் கட்டுவதற்கு ஒப்பானது.

மூன்றாவது, இடைவெளி. தகட்டுக்கும் சம்ப்புக்கும் இடையில் இரண்டு மூன்று சென்ரிமீற்றராவது வெளி இருக்கவேண்டும். தகடு வளையும்போது அந்த வெளிதான் சம்ப்பைக் காக்கிறது. இயந்திரம் தனது இறப்பர்த் தாங்கிகளில் ஆடுவதற்கும் அது வேண்டும். அதேவேளை, அந்த வெளிக்காகத் தகட்டைக் கீழே தொங்கவிட்டால் இருக்கின்ற தரை இடைவெளியில் மூன்று சென்ரிமீற்றரை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். முன்னர் உரசாத இடங்களிலெல்லாம் உரசும். நல்ல தகடு துணைச் சட்டகத்தின் மட்டத்தோடு ஒட்டிச் சென்று, சம்ப்புக்குக் கீழே மாத்திரம் சற்றே குழிந்திருக்கும். முன்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். இல்லாவிடில் கல்லின்மேல் வழுக்காமல் கொழுவிக்கொள்ளும். இப்படி அமைக்க இடமில்லாத வண்டியென்றால், தகடே போடாமல் விடுவது மேல்.

நான்காவது, பாரமும் உலோகமும். 70 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட 3 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டின் எடை ஏறத்தாழ 10 கிலோ. 2 மில்லிமீற்றர் என்றால் ஆறரைக் கிலோ. அதே பரப்பில் 4 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டின் எடை நாலரைக் கிலோ மட்டுமே. 700 கிலோ அளவிலான ஒரு வண்டியின் மூக்கில் 10 கிலோவைத் தொங்கவிடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். "எவ்வளவு தடிப்போ அவ்வளவு பாதுகாப்பு" என்பது விற்பவரின் கணக்கு. விளிம்பு மடிக்கப்பட்டு, முதுகெலும்புபோல வரிகள் அழுத்தப்பட்ட 2 மில்லிமீற்றர் தகடு, தட்டையான 3 மில்லிமீற்றர் தகட்டிலும் உறுதியாக நிற்கும். அளவுக்கு மிஞ்சிய தடிப்பினால் வேறோர் ஆபத்தும் உண்டு. நேருக்கு நேர் மோதலில் முன்பகுதி மடிந்து அதிர்ச்சியை உள்வாங்கவேண்டும் என்பதற்காகவே கார்கள் வடிவமைக்கப்படுகின்றன. அந்த மடிப்பைத் தடுக்கும் விறைப்பான பாளத்தை அங்கே பூட்டுவது அறிவுடைமையன்று.

ஐந்தாவது, துளைகள். ஒயிலை வடிக்கும் ஆணிக்கு நேராக ஒரு துளை இருக்கவேண்டும். நீரும் சேறும் வெளியேறவும் வெப்பம் தணியவும் பிளவுகள் இருக்கவேண்டும். துளையில்லாத தகட்டை ஒவ்வொரு சேர்விஸிலும் கழற்றவேண்டி வரும். கழற்றியவர் ஆறு ஆணிகளில் நான்கை மட்டும் பூட்டுவார். அடுத்த முறை இரண்டு. ஒரு நாள் அது வீதியில் இழுபடும். புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கிப் பெட்டியை எந்தத் தகட்டாலும் மூடக்கூடாது. அது பல நூறு பாகை வெப்பத்தில் இயங்குவது. அதற்குத் தொழிற்சாலை இட்ட வெப்பத் தடுப்பே போதும்.

ஆறாவது, கறுப்புப் பூச்சு. அடிப்பகுதிக்குத் தார் போன்ற பூச்சொன்றை அடித்துவிட்டு "காப்பு" என்று பணம் வாங்குகிறார்கள். சுத்தமான, உலர்ந்த, துருவற்ற உலோகத்தில் பூசினால் அது உப்புக்காற்றிலிருந்து காக்கும், கல்லிலிருந்து காக்காது. துருவின்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே சிறைவைத்து, துருவை மறைத்து வளர்க்கும். பனியை உருக்க வீதியில் உப்புத் தூவும் ஜப்பானின் வடபகுதிகளிலிருந்து வந்த பழைய கார்களின் அடிப்பகுதியில் துரு இருப்பது புதுமையன்று. அத்தகைய காரை விற்கும்போது புதிதாகப் பூசப்பட்ட கறுப்பு, காப்பாகவும் இருக்கலாம், ஒப்பனையாகவும் இருக்கலாம். பூச்சுக்கு முன்னர் எடுத்த படத்தைக் கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் விடை கிடைத்துவிட்டது.

இவற்றையெல்லாம் கேட்டால் கடைக்காரர் சினப்பார். "இவ்வளவு கேள்வி கேக்கிற ஆள் நீங்கள்தான் ஐயா" என்று எனக்கும் ஒருவர் சொன்னார். அதனை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ரஷ்யாவில் மோசமான வீதிகளின் காரணமாக, இயந்திரத்தின் அடிக்கவசத்தைக் கார் வாங்கும்போதே முகவரிடம் மாதிரிக்கேற்பப் பெற்றுப் பூட்டிக்கொள்வது சர்வசாதாரணம். இங்கும் புதிய கார்களை விற்கும் முகவர்கள் இறப்பர் விரிப்பையும் ஆசன உறையையும் இலவசமாகத் தருகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது இலவசம். காப்பாற்றக்கூடியது "மேலதிகப் பொருள்". வாங்குபவரும் அதனைக் கேட்பதில்லை. வண்டியை வாங்க வருபவர்களில் எத்தனை பேர் குனிந்து அதன் அடியைப் பார்க்கிறார்கள்? வர்ணத்தைத் தடவுகிறோம், கதவைச் சாத்தி ஒலியைக் கேட்கிறோம், பாட்டுப் பெட்டியை முடுக்குகிறோம். எமது அரசியலிலும் நாம் இப்படித்தான் தெரிவு செய்கிறோம் என்று எழுதத் தோன்றுகிறது, இன்று வேண்டாம்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து இதனை வாசிக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஊரிலுள்ள பெற்றோருக்குக் கார் வாங்கவென்று பணம் அனுப்புகிறீர்கள். "நல்ல கனமான தகடு ஒன்று போடுங்கோ அப்பா" என்று தொலைபேசியில் சொல்லியும் அனுப்புகிறீர்கள். நீங்கள் வாழும் நாட்டு வீதியை மனதிற்கொண்டு சொல்லும் யோசனை இங்கு பொருந்தாது. அடுத்த முறை விடுமுறையில் வரும்போது அந்த வண்டியை ஒரு கராஜில் உயர்த்திப் பாருங்கள். பிளாஸ்ரிக் மூடி இருக்கிறதா, தகட்டில் எத்தனை ஆணிகள் எஞ்சியுள்ளன, சம்ப்புக்கும் தகட்டுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

மாஸ்டரின் கதையை முடிக்காமல் விட்டேன். பாவித்த இயந்திரமொன்றைத் தேடிப் பொருத்தி முடிக்க மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேல் சென்றது. காப்புறுதி நிறுவனமோ, மோதலுக்குப் பின்னரும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டியதால் நேர்ந்த சேதம் என்று கூறிக் கையை விரித்தது. இரண்டரை மாதங்களாக மாஸ்டர் தமது மனைவியை வாடகை முச்சக்கர வண்டியில் கொண்டுசென்றார். சுத்திகரிப்பு முடிந்து துவண்டுபோன ஒரு பெண், திறந்த வண்டியில், அதே வேகத்தடைகளின் மீது, வாரத்தில் இரு தடவைகள். மழை நாட்களில் இரு முறை போகமுடியாமற் போயிற்று. தவறவிட்ட அந்த இரு நாட்களின் விலை என்ன என்று எந்தக் கடைக்காரரும் சிட்டையில் எழுதவில்லை.

இப்போது மாஸ்டரின் காரில் அந்த மாதிரிக்கென்றே வளைத்துச் செய்யப்பட்ட 2 மில்லிமீற்றர் தகடொன்று ஆறு ஆணிகளில் பூட்டப்பட்டிருக்கிறது; அதன் பின்னால் பழைய வண்டியொன்றிலிருந்து எடுத்த பிளாஸ்ரிக் மூடி. சென்ற மாதம் அவரைக் கண்டபோது அதைத்தான் முதலில் காட்டினார். வளைவிலிருந்த வேகத்தடை மட்டும் அப்படியே இருக்கிறது. பிரதேச சபைக்கு அவர் அழகிய கையெழுத்தில் இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை. தடைக்கு வெள்ளை வர்ணம் பூசியிருந்தது. யார் பூசியது என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார்.